பெருந்தொற்றுக் காலத் தேர்தல்: தள்ளிவைப்பதா, தபாலுக்கு மாற்றுவதா, வாக்குச்சாவடியைத் திறப்பதா?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2020 ஏப்ரல் 7 அன்று நடந்த தேர்தலின் விதிகள் அதற்கு முந்தைய ஒரே நாளில் மூன்று முறை மாறின. ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் டோனி எவர்ஸ் கோவிட் தொற்றைக் கருதி நேரடி வாக்குப்பதிவை ஜூன் 9 வரை நிறுத்திவைத்து ஆணையிட்டார். குடியரசுக் கட்சியின் பெரும்பான்மை கொண்ட சட்டமன்றத்தின் தலைவர்கள் வழக்குத் தொடுக்க, மாநில உச்ச நீதிமன்றம் சில மணி நேரத்தில் 4-2 என்ற கணக்கில் அந்த ஆணையை நீக்கியது. அன்று மாலை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில், தபால் வாக்குகள் தேர்தல் நாளுக்குள் அஞ்சல் முத்திரை பெற்றிருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. விண்ணப்பித்தும் வாக்குச்சீட்டு வந்து சேராதவர்களுக்கு, மறுநாள் காலை வரிசையில் நிற்பது அல்லது வாக்கை இழப்பது என்ற இரண்டே வழிகள் எஞ்சின. வழக்கமாக 180 வாக்குச்சாவடிகள் இயங்கும் மில்வாக்கி நகரில் அன்று 5 மட்டுமே திறந்திருந்தன, ஏனெனில் பணியாற்ற ஆட்கள் இல்லை.

இரு நீதிமன்றங்களிலும் நீதிபதிகள் பிரிந்து நின்ற கோடு கட்சிகள் பிரிந்து நின்ற கோட்டை ஒட்டியே இருந்தது என்பதைத்தான் நான் முதன்மையாகக் கருதுகிறேன். பழி ஒரு பக்கத்தை மட்டும் சேர்ந்தது என்று சொல்வதற்கில்லை. ஆளுநரும் ஏப்ரல் தொடக்கம் வரை தேர்தல் குறித்த நாளிலேயே நடக்கட்டும் என்றுதான் சொல்லிவந்தார். முழுமையாகத் தபால் வழிக்கு மாற்றுவதற்காக அவர் கூட்டிய சிறப்புக் கூட்டத்தைச் சட்டமன்றம் விவாதமின்றி முடித்துக்கொண்டது. நோய் பரவிய பிறகு, தேதி நெருங்கிய பிறகு, யாருக்கு எது ஆதாயம் என்று எல்லோரும் கணக்கிட்டு முடித்த பிறகு விதியை எழுத முனைந்தால் இதுதான் நடக்கும்.

எனவே, அடுத்த தொற்று வருவதற்கு முன்பே ஒரு நாடாளுமன்றமோ தேர்தல் ஆணையமோ அவசரகாலத் தேர்தலுக்கான விதிகளை எழுத உட்கார்ந்தால், அதன் முன் உள்ள வழிகளில் எதைத் தேர்வது என்பதே இங்கு கேள்வி. தேர்தலைத் தள்ளிவைக்கலாம், குறித்த நாளில் வாக்குச்சாவடியிலேயே பாதுகாப்புடன் நடத்தலாம், முழுவதையும் தபாலுக்கு மாற்றலாம், வாக்குச்சாவடி, முன்கூட்டிய வாக்குப்பதிவு, தபால் ஆகிய மூன்றையும் சேர்த்துத் திறந்துவைக்கலாம். ஒவ்வொன்றையும் நாடுகள் செய்து பார்த்திருக்கின்றன. வாக்களிக்க விரும்பியவர்களில் எத்தனை பேருக்கு வழி அடைபட்டது, தோற்ற தரப்பு முடிவை ஏற்றுக்கொள்ள முடிந்ததா, பணியாற்றியவர்களின் உயிர் காக்கப்பட்டதா என்ற மூன்றையும் கொண்டு இவற்றை எடைபோடுகிறேன்.

தள்ளிவைப்பதை எடுத்த எடுப்பில் ஜனநாயக விரோதம் என்று ஒதுக்கிவிட முடியாது. நியூசிலாந்தில் 2020 செப்டம்பர் 19க்குக் குறிக்கப்பட்டிருந்த பொதுத் தேர்தல், ஆக்லாந்தில் ஆகஸ்டில் தொற்று மீண்டும் தலைகாட்டியதால் அக்டோபர் 17க்கு நகர்ந்தது. பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் எல்லாக் கட்சித் தலைவர்களிடமும் பேசினார், நான்கு வார அவகாசம் தந்தார், இனி தேதி மாறாது என்றும் சொல்லிவிட்டார். ஒத்திவைப்பைக் கோரியவர்களே எதிர்க்கட்சியினரும் கூட்டணிக் கட்சித் தலைவரும்தான் என்பதால், ஆளுங்கட்சி தன் வசதிக்காகத் தேதியை நகர்த்தியது என்ற சந்தேகத்துக்கு இடமில்லாமல் போனது. வாக்குப்பதிவு 82 சதவீதத்தைத் தாண்டியது. இங்கிலாந்தில் 2020 மே மாத உள்ளாட்சித் தேர்தல்கள் ஓராண்டு தள்ளிப்போனபோதும் பெரிய சச்சரவு எழவில்லை. ஆனால் உள்ளாட்சி மன்றங்களின் காலம் நீள்வதும் நாட்டின் அரசே காலநீட்டிப்புப் பெறுவதும் ஒன்றல்ல.

அதே வழி ஹாங்காங்கில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 2020 செப்டம்பர் 6 அன்று நடக்க வேண்டியிருந்த சட்டமன்றத் தேர்தலைத் தொற்றைக் காரணம் காட்டி ஓராண்டு தள்ளிவைப்பதாகத் தலைமை நிர்வாகி கேரி லாம் ஜூலை 31 அன்று அறிவித்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஜனநாயக ஆதரவுத் தரப்பு தன் வேட்பாளர்களைத் தெரிவுசெய்ய நடத்திய முன்தேர்வில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்திருந்தனர். தேர்தல் கடைசியில் 2021 டிசம்பர் 19 அன்று நடந்தபோது, தேர்தல் முறையே மாற்றப்பட்டிருந்தது. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் இடங்கள் 35இலிருந்து 20ஆகக் குறைந்திருந்தன. மொத்த இடங்களோ 90 ஆகியிருந்தன. முன்தேர்வில் பங்கேற்றவர்களில் பலர் சிறையில் இருந்தனர். வாக்களித்தவர்கள் 30 சதவீதமே. தொற்று உண்மையானது, ஆபத்தும் உண்மையானது; ஆனால் ஓராண்டு என்ற அளவை நிர்ணயித்தது ஆட்சி, அதைக் கேள்வி கேட்கும் அதிகாரம் எவரிடமும் இல்லை.

இலங்கையின் அனுபவம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. 2020 மார்ச் 2 அன்று நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. ஏப்ரல் 25க்குக் குறித்த தேர்தல் ஜூன் 20க்கும், பிறகு ஆகஸ்ட் 5க்கும் சென்றது. கலைத்த மூன்று மாதத்துக்குள் புதிய நாடாளுமன்றம் கூட வேண்டும் என்ற அரசியலமைப்பு விதி இருந்தும், பழைய நாடாளுமன்றத்தைத் திரும்பக் கூட்டக் குடியரசுத் தலைவர் கோட்டாபய ராஜபக்ச மறுத்தார்; எதிர்ப்பு மனுக்களை உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்காமலே தள்ளுபடி செய்தது. தேர்தல் நடந்த விதத்தில் பெரிய குறை இல்லை, நான்கில் மூன்று பங்கு வாக்காளர்கள் வாக்களித்தனர். குறை இருந்தது இடைவெளியில்: ஐந்து மாதங்கள், ஒரு பெருந்தொற்றின் நடுவே, அரசின் செலவையும் கட்டுப்பாடுகளையும் கேள்வி கேட்க நாடாளுமன்றமே இல்லை. தள்ளிவைக்கும் அதிகாரத்தைத் தரும் எந்தச் சட்டமும் அந்த இடைக்காலத்தில் யார் யாரைக் கண்காணிப்பார்கள் என்பதையும் சேர்த்தே எழுதியாக வேண்டும்.

தேர்தலை ஒரு பகுதியில் மட்டும் தள்ளிவைப்பதே எல்லாவற்றிலும் மோசமான வழி. காங்கோ ஜனநாயகக் குடியரசில் 2018 டிசம்பர் 30 அன்று குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தபோது, எபோலாவையும் பாதுகாப்பின்மையையும் காரணம் காட்டி பேனி, புட்டெம்போ பகுதிகளின் வாக்குப்பதிவு 2019 மார்ச்சுக்குத் தள்ளப்பட்டது. புதிய தலைவரோ ஜனவரியிலேயே பதவியேற்றுவிட்டார். எதிர்க்கட்சிக்குச் செல்வாக்கு மிகுந்த பகுதியில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களுக்குத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் பங்கில்லாமல் போனது. பேனி மக்கள் தாங்களே ஒரு மாதிரி வாக்கெடுப்பை நடத்தி, வரிசையில் நின்று, நடத்த முடியும் என்று காட்டினார்கள். தொற்று கடுமையாக உள்ள இடத்துக்கு விலக்கு என்பது நிர்வாகக் காரணம் போலத் தோன்றினாலும், தொற்று எல்லாக் கட்சிகளின் கோட்டைகளிலும் சமமாகப் பரவுவதில்லை.

குறித்த நாளில், வாக்குச்சாவடியில், பாதுகாப்புடன் நடத்துவதற்குத் தென்கொரியாவை எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். 2020 ஏப்ரல் 15 நாடாளுமன்றத் தேர்தலுக்கு அங்கே 14 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள் திறக்கப்பட்டன. நுழைவாயிலில் உடல் வெப்பம் பார்த்து, 37.5 டிகிரிக்கு மேல் இருந்தவர்களைத் தனி அறைக்கு அனுப்பினார்கள், கையுறை தந்தார்கள், ஒரு மீட்டர் இடைவெளி விட்டார்கள். வீட்டுத் தனிமையில் இருந்தவர்கள் மற்றவர்கள் வாக்களித்து முடித்த பின் மாலை 6 மணிக்குமேல் வந்து வாக்களித்தனர். வாக்குப்பதிவு 66.2 சதவீதம்; 1992க்குப் பிறகு நாடாளுமன்றத் தேர்தலில் அதுவே மிக அதிகம்.

கையுறையும் வெப்பமானியும் இந்த வெற்றிக்கு முழுக் காரணம் என்று எடுத்துக்கொண்டால் பாடம் தவறிவிடும். ஏப்ரல் 10, 11 ஆகிய இரண்டு நாட்களில் முன்கூட்டியே வாக்களிக்க வழி இருந்தது. நாட்டின் எந்த மூலையில் உள்ள முன்வாக்குச் சாவடியிலும், முன்பதிவின்றி, அடையாள அட்டையைக் காட்டி வாக்களிக்கலாம். வாக்காளர்களில் கால் பங்குக்கும் மேற்பட்டோர், 1.1 கோடிக்கும் அதிகமானோர், அந்த இரண்டு நாட்களிலேயே வாக்களித்துவிட்டதால் தேர்தல் நாளின் கூட்டம் தானாகவே கலைந்தது. இது தொற்றுக்காகப் புதிதாகக் கண்டுபிடித்த ஏற்பாடும் அல்ல, அதற்கு முந்தைய தேர்தல்களிலேயே மக்களுக்குப் பழகியிருந்தது. அந்த நாடும் எல்லோருக்கும் வழி திறந்துவிடவில்லை. பல நாடுகளில் தூதரகங்கள் வாக்குப்பதிவை நிறுத்தியதால், பதிவு செய்திருந்த வெளிநாட்டு வாக்காளர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வாக்கை இழந்தனர்.

இந்தியா வேறொரு வகையில் வாக்குச்சாவடியை நம்பியது. 2020 பிகார் சட்டமன்றத் தேர்தலில் ஒரு சாவடிக்கு 1,500 வாக்காளர் என்ற வரம்பு 1,000ஆகக் குறைக்கப்பட்டு, சாவடிகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. கடைசி ஒரு மணி நேரம் தொற்றாளர்களுக்கு ஒதுக்கப்பட்டது. தேர்தலைத் தள்ளிவைக்கக் கோரிய கட்சிகள் இருந்தபோதும், வாக்குப்பதிவு முந்தைய தேர்தலைவிடச் சற்றுக் கூடுதலாகவே அமைந்தது. 2021 ஏப்ரலில் நிலைமை மாறியது. மேற்கு வங்கத்தில் எட்டுக் கட்டங்களாக நீண்ட தேர்தலின் கடைசிக் கட்டங்களை ஒன்றாக இணைக்கும்படி திரிணமூல் காங்கிரஸ் கேட்டது, ஆணையம் மறுத்தது. 500 பேருக்கு மேல் கூடும் கூட்டங்களுக்கான தடை ஏப்ரல் 22 அன்றுதான் வந்தது, அப்போது இரண்டாம் அலை உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. பிரசாரக் கூட்டங்களைத் தடுக்காததற்காகச் சென்னை உயர் நீதிமன்றம் ஏப்ரல் 26 அன்று தேர்தல் ஆணையத்தைப் பற்றிச் சொன்ன கடுமையான சொற்களைப் பின்னர் உச்ச நீதிமன்றம் பொருத்தமற்றவை என்றது. சொற்கள் எப்படியோ, அவற்றின் பின்னிருந்த கவலை நியாயமானது. வாக்குச்சாவடியில் ஒரு வாக்காளர் சில நிமிடங்கள் நிற்கிறார். பிரசாரக் கூட்டத்தில் பல மணி நேரம் தோளோடு தோள் உரச நிற்கிறார். பிரசாரத்தைக் கட்டுப்படுத்தாமல் வாக்குச்சாவடியை மட்டும் கிருமிநாசினி தெளித்துத் துடைப்பதில் பயன் குறைவு.

ஆனால் பிரசாரக் கட்டுப்பாடும் கட்சி ஆயுதமாகலாம். லைபீரியாவில் எபோலா காலத்தில், 2014 டிசம்பர் 20 அன்று நடந்த செனட் தேர்தலுக்கு முன் தலைநகர் மன்ரோவியாவில் பேரணிகளைக் குடியரசுத் தலைவர் எலன் ஜான்சன் சர்லீஃப் தடை செய்தார். தலைநகரை உள்ளடக்கிய தொகுதியில் அவருடைய மகன், பெருங்கூட்டத்தை ஈர்க்கக்கூடிய ஜார்ஜ் வியாவை எதிர்த்துப் போட்டியிட்டுக்கொண்டிருந்தார். வியா வென்றார் என்பதால் தடையின் மீதிருந்த ஐயம் நியாயமற்றதாகிவிடாது. வாக்களித்தவர்கள் நாட்டில் கால் பங்கினர் மட்டுமே.

வாக்குச்சாவடி வழியில் பெரும்பாலும் பேசப்படாத செலவு பணியாளர்களின் உயிர். உத்தரப் பிரதேசத்தில் 2021 ஏப்ரலில் நடந்த ஊராட்சித் தேர்தல் பணியால் 1,621 ஆசிரியர்களும் பணியாளர்களும் தொற்றுக்கு ஆளாகி இறந்ததாக ஆசிரியர் சங்கம் பட்டியல் தந்தது. மாநில அரசு முதலில் மூன்று பேரை மட்டுமே ஏற்றுக்கொண்டது. பின்னர் இழப்பீட்டு விதிகளைத் தளர்த்த வேண்டியதாயிற்று. அமெரிக்காவிலோ 2018 தேர்தலில் வாக்குச்சாவடிப் பணியாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 60 வயதைத் தாண்டியவர்கள். மில்வாக்கியில் 175 சாவடிகள் மூடப்பட்டதற்கு வேர் இங்கேதான் உள்ளது. வாக்காளர் வரலாமா வேண்டாமா என்று தானே முடிவெடுக்க முடியும். பணிக்கு ஆணையிடப்பட்ட ஆசிரியருக்கு அந்தத் தேர்வு இல்லை.

தபால் வழிக்கு வருவோம். ஜெர்மனியில் தபால் வாக்கு 1957 முதல் உண்டு. அதனால் பவேரியா மாநிலம் 2020 மார்ச் 15 அன்று உள்ளாட்சித் தேர்தலின் முதல் சுற்றை நடத்திவிட்டு, மார்ச் 29 அன்று நடந்த இரண்டாம் சுற்றை முழுக்கத் தபாலுக்கு மாற்றி, வாக்காளர்கள் விண்ணப்பிக்காமலே வாக்குச்சீட்டை அனுப்பிவைக்க முடிந்தது. இரண்டே வாரங்களில் அதைச் செய்து முடித்தார்கள் என்றால், முகவரிப் பதிவேடும் அச்சு ஏற்பாடும் மக்களின் பழக்கமும் முன்பே இருந்தன.

போலந்தில் அந்தப் பழக்கம் இல்லை. 2020 மே 10 குடியரசுத் தலைவர் தேர்தலை முழுத் தபால் வழியில் நடத்தும் சட்டத்தை ஆளுங்கட்சியான சட்டம் மற்றும் நீதிக் கட்சி ஏப்ரலில் கீழவையில் நிறைவேற்றியது. தங்கள் வேட்பாளர் ஆன்ஜெய் டூடா கருத்துக்கணிப்புகளில் முன்னிலையில் இருந்த நேரம் அது. தேசியத் தேர்தல் ஆணையத்தை ஓரங்கட்டி, ஓர் அமைச்சரின் பொறுப்பில் அரசு அஞ்சல் நிறுவனம் ஏற்பாடுகளைத் தொடங்கியது, வாக்குச்சீட்டுகளும் அச்சாகத் தொடங்கின. எதிர்க்கட்சிகள் வசமிருந்த மேலவை சட்ட வரைவைப் பரிசீலிக்கத் தனக்குள்ள 30 நாட்களையும் எடுத்துக்கொண்டது; கூட்டணிக் கட்சியின் தலைவர் ஒருவர் துணைப் பிரதமர் பதவியிலிருந்து விலகினார்; மே 10 அன்று ஒரு வாக்குச்சாவடியும் திறக்கவில்லை. போலந்து நாணயத்தில் சுமார் 7 கோடி ஸ்வோட்டி செலவில் அச்சான சீட்டுகள் வீணாயின. தேர்தல் ஜூன் 28, ஜூலை 12 ஆகிய நாட்களில் வாக்குச்சாவடி, தபால் இரண்டையும் சேர்த்து நடந்தது, அதற்குள் முதன்மை எதிர்க்கட்சி தன் வேட்பாளரையே மாற்றிவிட்டது, டூடா 51.03 சதவீதம் பெற்று வென்றார். தபால் வழியில் அடிப்படையான கேடு ஒன்றும் இல்லை. ஆயத்தமின்றி, ஒரு கட்சியின் அவசரத்துக்காக, சட்டம் நிறைவேறும் முன்பே அதைத் திணித்ததுதான் கேடு.

தபால் வழி எந்தக் கட்சிக்கு ஆதாயம் என்ற கேள்வி அமெரிக்காவில் 2020 முழுவதும் எரிந்தது. வாக்களிக்கும் வழிகளை இந்த அளவு விரிவாக்கினால் குடியரசுக் கட்சியினர் இனி ஒருபோதும் வெல்ல மாட்டார்கள் என்ற பொருளில் டிரம்ப் மார்ச் மாதமே பேசினார். சான்றுகள் அந்த அச்சத்துக்கு எதிராகவே உள்ளன. கலிபோர்னியா, யூட்டா, வாஷிங்டன் மாநிலங்களில் எல்லோருக்கும் தபால் சீட்டு அனுப்பும் முறை மாவட்டம் மாவட்டமாக அறிமுகமான விதத்தை ஆராய்ந்து ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட கட்டுரை, வாக்குப்பதிவு சிறிதளவு கூடியது, ஆனால் எந்தக் கட்சியின் பங்கும் மாறவில்லை என்று கண்டது. இவற்றில் யூட்டா குடியரசுக் கட்சியின் கோட்டை. பென்சில்வேனியாவில் காரணம் கேட்காத தபால் வாக்கைக் கொண்டுவந்த 2019ஆம் ஆண்டுச் சட்டமும் அக்கட்சியின் ஆதரவுடன்தான் நிறைவேறியது. தமிழ்நாட்டிலும் 80 வயதைக் கடந்தோருக்கான தபால் வாக்கை எதிர்த்துத் திமுக தொடுத்த வழக்கை உயர் நீதிமன்றம் 2021 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. அதே ஏற்பாட்டுடன் நடந்த தேர்தலில் வென்றது திமுகதான். கட்சிகள் தங்கள் ஆதாயத்தைக் கணிப்பதில் பெரும்பாலும் தவறுகின்றன; அந்தத் தவறான கணக்குக்காக வாக்காளரின் வழியை அடைக்கின்றன.

ஆயினும் தபாலை மட்டுமே வைத்துக்கொண்டு மற்றதை மூடிவிடலாம் என்பதை நான் ஏற்கவில்லை. பார்வையற்றவர்களுக்கு உதவும் கருவிகள் வாக்குச்சாவடியில்தான் உள்ளன. அமெரிக்காவின் நவாஹோ பழங்குடிப் பகுதிகளில் பல வீடுகளுக்குக் கடிதம் நேரடியாக வந்து சேர்வதே இல்லை. வீட்டுக்குள் மற்றவர் கண்முன் சீட்டை நிரப்பும் பெண்ணுக்கு வாக்கின் இரகசியம் வாக்குச்சாவடியின் மறைப்புக்குள் கிடைப்பதுபோல் கிடைக்காது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் எல்லோருக்கும் சீட்டை அனுப்பிய பின்னும் நேரடி வாக்களிப்பு மையங்களைத் திறந்தே வைத்திருப்பது இதனால்தான்.

தபால் வாக்கின் நம்பகம் எண்ணும் விதியில் தங்கியிருக்கிறது. புளோரிடா, வந்து சேரும் தபால் சீட்டுகளைத் தேர்தலுக்கு மூன்று வாரங்கள் முன்பிருந்தே சரிபார்த்து ஆயத்தம் செய்ய அனுமதித்தது. 2020 நவம்பர் 3 இரவே அங்கு முடிவு தெரிந்தது. பென்சில்வேனியாவில் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் உறையைத் தொடக்கூடாது. அந்த விதியை மாற்றும் பேச்சு ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் இடையே முறிந்தது. நேரடி வாக்குகளில் முன்னிலை பெற்றிருந்த டிரம்ப், தபால் வாக்குகள் எண்ணப்பட எண்ணப்படப் பின்தங்கினார். ஏறக்குறைய 80 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் அமைந்த முடிவு தெளிவாக நான்கு நாட்களாயின. இடைப்பட்ட அந்த நாட்களில் விதைக்கப்பட்ட சந்தேகத்தை அதன்பின் எந்தத் தீர்ப்பாலும் முழுமையாக அகற்ற முடியவில்லை.

இவ்வளவையும் எடைபோட்ட பின், முன்கூட்டிய நேரடி வாக்குப்பதிவைப் பல நாட்களுக்கு நீட்டி, தொற்றாளர், முதியோர், அவர்களைப் பராமரிப்போர் ஆகியோருக்குத் தபால் வழியைத் திறந்து, தேர்தல் நாள் வாக்குச்சாவடிகளைக் குறைக்காமல் வைத்திருக்கும் கலப்பு முறையையே நான் பரிந்துரைப்பேன். தபால் பழக்கம் வேரூன்றிய நாடுகள் எல்லோருக்கும் சீட்டு அனுப்பலாம், மற்ற நாடுகள் தொற்று வந்த ஆண்டில் அதை முதன்முதலாகச் செய்து பார்க்கக் கூடாது. இதற்குச் செலவு அதிகம். 2020 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென 40 கோடி டாலர் மட்டும் ஒதுக்கியதால், தனியார் நன்கொடையாக ஏறத்தாழ அதே அளவு பணம் தேர்தல் அலுவலகங்களுக்குச் சென்றது. அதுவே பின்னர் கட்சிச் சண்டையாகி, இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தனியார் பணத்தைத் தடை செய்தன. பொதுப் பணத்தை முன்பே ஒதுக்காத சட்டம் பாதிச் சட்டம்தான்.

தள்ளிவைக்கும் அதிகாரமும் இருக்கட்டும், ஆனால் ஒருமுறை மட்டும், சில வாரங்களுக்கு, நாடு முழுமைக்கும் ஒரே தேதியாக, நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதலுடன், அந்த நாடாளுமன்றம் புதியது கூடும்வரை கலையாமல் இருக்கும் நிபந்தனையுடன். முறையை மாற்றும் எந்த முடிவும் தேர்தலுக்கு ஆறு வாரங்களுக்குள் செல்லாது என்றும், கூடுதல் வழியைத் திறப்பதற்கு மட்டுமே அதில் விலக்கு என்றும் எழுதலாம். மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் கிடைக்காதபோது என்ன ஆகும் என்பதைச் சட்டமே சொல்லிவிட வேண்டும்: தேர்தல் குறித்த நாளிலேயே, நீட்டிக்கப்பட்ட முன்வாக்கு நாட்களுடனும் விரிவாக்கப்பட்ட தபால் வழியுடனும் நடக்கும். அவ்வாறு எழுதிவிட்டால், பேச்சை இழுத்தடிப்பதால் எந்தக் கட்சிக்கும் ஆதாயம் இராது. விஸ்கான்சினில் நடந்ததுபோல் கடைசி இரவின் தீர்ப்புக்காக வாக்காளர் காத்திருக்க வேண்டியும் வராது.